வாசகர் கேள்வி–பதில்: ஒரு நகரம் தன் உணவுக்கென்று குழு அமைப்பது எப்படி?

கனடாவின் டொராண்டோ மாநகரில் 1991ஆம் ஆண்டு உருவான உணவுக் கொள்கைக் குழுவைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. உழவர், வியாபாரி, மருத்துவத் துறையினர், மாமன்ற உறுப்பினர், பசியை நேரில் அறிந்த குடிமக்கள் எனப் பலதரப்பினரும் கூடி அமர்ந்து, நகர மக்களின் உணவு குறித்து நகர நிருவாகத்துக்கு ஆலோசனை கூறும் ஏற்பாடு அது. அக்குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சில கேள்விகளுக்கு இந்த இதழில் விரிவாக விடை எழுதுகிறேன்.

கேள்வி: ரேஷன் மாநில அரசின் பொறுப்பு. விலை, இறக்குமதி, உர மானியம் எல்லாம் அதற்கும் மேலே இருப்பவர்கள் கையில். இதில் ஒரு நகராட்சியோ மாநகராட்சியோ செய்வதற்கு என்ன இருக்கிறது? (வேலூர் வாசகர்)

பதில்: இந்தக் கேள்விக்குச் செயலால் முதலில் விடை சொன்ன ஊர், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள நாக்ஸ்வில். 1977ஆம் ஆண்டு டென்னசி பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் பயின்ற மாணவர்கள் அந்நகரின் உணவு எங்கிருந்து வருகிறது, யார் கையில் சேர்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்று ஆராய்ந்தார்கள். குடிநீருக்கும் சாலைக்கும் வீட்டுவசதிக்கும் நகரத்தில் துறைகள் இருந்தன. உணவைக் கேட்க மட்டும் ஒருவரும் இல்லை. அந்த ஆய்வும், 1982இல் அங்கு நடைபெறவிருந்த உலகப் பொருட்காட்சி எழுப்பிய கவலைகளும், அடித்தட்டு மக்களிடையே பணியாற்றிய அமைப்புகளின் வற்புறுத்தலும் சேர்ந்து, 1981இல் நகர மன்றத்தை ஒரு தீர்மானம் நிறைவேற்ற வைத்தன. நகர மக்களின் உணவு நகர அரசின் அக்கறைக்குரிய பொருள் என்று அத்தீர்மானம் ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு அமைந்த நாக்ஸ்வில் குழுவே இவ்வகைக் குழுக்களுள் முதலாவது என்று கருதப்படுகிறது.

அது செய்த வேலைகளுள் ஒன்றைச் சொன்னால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். நகரின் நடுப்பகுதியில் இருந்த மளிகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுப் புறநகரில் பெரிய அங்காடிகள் எழுந்தன. சொந்த வாகனம் இல்லாதவர்கள் அங்கே போய்ச் சேரவும் முடியாது, சேர்ந்தாலும் நான்கு பைகளைச் சுமந்து திரும்பவும் முடியாது. பேருந்துத் தடங்களை வகுக்கும்போது அங்காடிகளுக்குப் போகும் வழியையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று குழு வாதிட்டது. தடங்கள் மாறின, மளிகைப் பைகளை வைப்பதற்கான தாங்கிகளும் பேருந்துகளில் பொருத்தப்பட்டன. அரிசி விலையைத் தீர்மானிக்கும் அதிகாரம் நாக்ஸ்விலுக்குக் கிடையாது. ஆனால் பேருந்து எந்தத் தெருவில் நிற்க வேண்டும் என்று கூறும் அதிகாரம் இருந்தது, அதுவே ஒரு மூதாட்டியின் அடுப்பில் என்ன வேகும் என்பதைத் தீர்மானித்தது. சந்தைக்கு இடம் ஒதுக்குவது, நடைபாதை வியாபாரிக்கு உரிமம் கொடுப்பது, காலி மனையில் தோட்டம் போட அனுமதிப்பது, பள்ளிக்கூட உணவுக்குக் கொள்முதல் செய்வது, மீந்ததை எங்கே கொட்டுவது என்று முடிவெடுப்பது யாவும் பெரும்பாலும் உள்ளூர் நிருவாகத்தின் கையில்தான் இருக்கின்றன. அவை வெவ்வேறு துறைகளில் சிதறிக் கிடப்பதால் உணவு என்ற கண்ணோட்டத்தில் எவரும் அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. சேர்த்துப் பார்ப்பதற்கே குழு.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் கட்டடங்களைச் சுற்றி நல்ல காய்கறிக் கடை கிடையாது. குடியிருப்போர் சங்கத்தில் இருபது பேர் ஆர்வத்தோடு இருக்கிறோம். மாநகர அளவில் இல்லாவிட்டாலும் எங்கள் பகுதி அளவிலாவது இப்படியொரு குழு அமைக்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது? (டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதி வாசகி)

பதில்: குழுவுக்குப் பெயர் வைப்பதிலும் தலைவரைத் தேர்ந்தெடுப்பதிலும் தொடங்க வேண்டாம். உங்கள் பகுதியின் உணவு நிலைமையை எழுதிவைப்பதில் தொடங்குங்கள். நாக்ஸ்விலில் மாணவர்கள் செய்ததும் அதுதான்.

இருபது பேரும் தெருக்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடையிலும் ஒரு கிலோ அரிசி, பருப்பு, வெங்காயம், கீரை, பால் ஆகியவற்றின் விலையை ஒரே நாளில் குறித்துக்கொள்ளுங்கள். கட்டட வாசலிலிருந்து கடைவரை நடந்தால் எவ்வளவு நேரம் ஆகிறது, குளிர்காலத்தில் தள்ளுவண்டியோடு அந்தப் பாதையில் போக முடியுமா, இரவு வேலை முடிந்து வருபவருக்குக் கடை திறந்திருக்குமா, பேருந்துக்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பனவற்றையும் எழுதுங்கள். கடைக்காரரிடமும் பேசுங்கள், காய்கறி வைத்தால் வாடிப்போகிறது, நட்டமாகிறது என்று அவர் சொன்னால் அதுவும் பதிவாக வேண்டும். பிறகு வீடுகளில், மாதக் கடைசியில் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இதைக் கூச்சமில்லாமல் கேட்கவும் சொல்லவும் அக்கம்பக்கத்துப் பெண்களால்தான் முடியும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளரிடம் நம்மவர்கள் "எல்லாம் நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

இந்தப் பதிவு கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்கு ஒரு கனம் வந்துவிடும். அதன்பின் இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள்: உங்கள் வட்டாரத்தின் மாநகர மன்ற உறுப்பினர் ஒருவர், பொதுச் சுகாதாரத் துறையில் உள்ளே இருந்து வழிகாட்டக்கூடிய அலுவலர் ஒருவர். அரசியல்வாதி கதவைத் திறந்துவிடுவார். எந்தக் கோப்பு எந்த மேசையில் தேங்கும் என்பது அலுவலருக்குத்தான் தெரியும்.

டொராண்டோவின் அனுபவம் இங்கே உங்களுக்குப் பயன்படும். அங்கே குழு தனித்து நிற்கவில்லை. நகரின் சுகாதார வாரியத்தின் துணைக்குழுவாக அமைந்தது. எனவே அது கூறிய கருத்துகள் வாரியத்தின் நிகழ்ச்சிநிரலில் ஏறி, அங்கிருந்து மாநகர மன்றத்துக்குச் செல்ல ஒரு வழி இருந்தது. பொதுச் சுகாதாரத் துறையின் ஊழியர்கள் அதற்கு உழைத்தார்கள். 1998இல் ஆறு நகராட்சிகள் ஒன்றாக இணைக்கப்பட்டு இன்றைய பெருநகரம் உருவானபோதும் குழு தப்பிப் பிழைத்ததற்கு இந்தப் பிணைப்பே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். 2001இல் மாநகர மன்றம் உணவுச் சாசனம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. போதிய அளவில், சத்துள்ளதாக, கட்டுப்படியாகும் விலையில், தத்தம் பண்பாட்டுக்கு ஒத்ததாக உணவு கிடைப்பது ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் உரியது என்பது அதன் சாரம். உங்கள் சங்கம் நகர நிருவாகத்துக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் இந்தச் சாசனத்தை எடுத்துக்காட்டலாம், காட்ட வேண்டும்.

இன்னொரு செய்தியும் உங்கள் கட்டடங்களுக்கு நேரடியாகப் பொருந்தக்கூடும். பழைய உயர் அடுக்குமாடி வளாகங்களில் வீட்டைத் தவிர வேறெதுவும் கூடாது என்று நிலப் பயன்பாட்டு விதிகள் பல்லாண்டுகள் தடுத்துவந்தன. வளாகத்துக்குள் சிறு கடையோ காய்கறிச் சந்தையோ நடத்துவதே விதிமீறல் ஆகும் நிலை இருந்தது. 2014இல் மாநகர மன்றம் ஒரு புதிய நிலப் பயன்பாட்டு வகையை ஏற்றது. அதன்படி சுமார் 500 வளாகங்களில் சிறு கடைகள், சந்தைகள் போன்றவற்றுக்கு வழி பிறந்தது. உங்கள் வளாகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நகரத் திட்ட அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். இருந்தால், வாரம் ஒருமுறை முற்றத்தில் காய்கறிச் சந்தை நடத்துவதே உங்கள் குழுவின் முதல் வேலையாக அமையலாம். கண்ணுக்குத் தெரியும் ஒரு வேலை முதலாண்டிலேயே நடந்தால்தான் இருபது பேர் நாற்பது பேர் ஆவார்கள்.

கேள்வி: குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்? யாரைச் சேர்ப்பது? (மதுரை வாசகர்)

பதில்: எண்ணிக்கையில் பெரிய இரகசியம் இல்லை. பத்துக்குக் குறைந்தால் எல்லாத் தரப்பும் இடம்பெறாது. முப்பதைத் தாண்டினால் பேசி முடிக்க முடியாது. விளைவிப்பவர், பதப்படுத்துபவர், விற்பவர், உண்பவர், மீந்ததைக் கையாள்பவர் என உணவின் பயணத்திலுள்ள ஒவ்வொரு நிலைக்கும் ஒரு குரல் இருக்க வேண்டும் என்பதே அளவுகோல். அவர்களோடு பள்ளி, மருத்துவம், நகரத் திட்டம் ஆகிய துறைகளின் அலுவலர்களும் வேண்டும். இளைஞர்களை மறந்துவிடக் கூடாது. டொராண்டோவில் 2009இல் இளைஞர்களுக்கென்றே தனி உணவுக் கொள்கைக் குழு தோன்றியது.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. இலவசமாக உணவுப் பொருள் வழங்கும் உணவு வங்கியின் வரிசையில் நிற்பவர், பள்ளி உணவை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் தாய், தள்ளுவண்டியில் பழம் விற்பவர் ஆகியோருக்குக் குழுவில் ஓர் இருக்கை ஒதுக்கிவிட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாநகராட்சிக் கட்டடத்தில் கூட்டம் வைத்தால், அந்த இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். அவர் அன்றைய கூலியை இழந்து வர வேண்டும். பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். புரியாத மொழியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மாலை நேரக் கூட்டம், பேருந்துச் செலவு, வருகைக்கு ஒரு மதிப்பூதியம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், மொழிபெயர்க்க ஒருவர், கூட்டத்தில் எல்லோருக்கும் சாப்பாடு ஆகியவற்றுக்கு வரவு செலவுத் திட்டத்தில் முதல் வரியிலேயே பணம் ஒதுக்க வேண்டும். இவற்றைச் சில்லறைச் செலவு என்று தள்ளிவைக்கும் குழு, பசித்தவர்களைப் பற்றிப் பேசும் வசதி படைத்தவர்களின் சங்கமாக ஆகிவிடும்.

கேள்வி: பெரிய அங்காடி நிறுவனங்களுக்கு இடம் கொடுக்கலாமா? (பெங்களூரு வாசகர்)

பதில்: பேச இடம் கொடுக்கலாம், பெரும்பான்மை கொடுக்கக் கூடாது. தன் தொழிலைத் தொடும் பொருளில் ஒருவர் அதை முன்கூட்டியே அறிவித்துவிட்டு வாக்கெடுப்பின்போது விலகி நிற்க வேண்டும் என்று விதியில் எழுதிவிட்டால் பெரும்பாலான தகராறுகள் எழாது. இந்த விதி தொண்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். குழுவின் பரிந்துரையால் தனக்கே நிதி வரும் என்னும் நிலையில் இருப்பவர் எவ்வளவு நல்லவராயினும் அந்த வாக்கெடுப்பில் பங்கேற்கக் கூடாது.

கேள்வி: குழு அரசுக்குள்ளே இருப்பது நல்லதா, வெளியே இருப்பது நல்லதா? உள்ளே போனால் வாயை அடைத்துவிடுவார்கள் என்று எங்கள் தோழர்கள் சொல்கிறார்கள். (புதுச்சேரி வாசகர்)

பதில்: உங்கள் தோழர்களின் அச்சம் நியாயமானது. உள்ளே இருக்கும் குழுவுக்கு ஊழியர், அலுவலகம், நிகழ்ச்சிநிரலில் இடம் ஆகியவை கிடைக்கும். ஆனால் ஆட்சி மாறும்போது ஒரு கையெழுத்தில் அது கலைந்துபோகலாம். வெளியே இருக்கும் குழு உரக்கப் பேசலாம். அதைக் கேட்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

இதற்குப் பிரேசிலைவிடத் தெளிவான சான்று இல்லை. அங்கே தேசிய அளவில் உணவு மற்றும் ஊட்டச்சத்துப் பாதுகாப்புக் குழு 1993இல் அமைக்கப்பட்டது. அடுத்த ஆட்சி வந்ததும் கலைக்கப்பட்டது. 2003இல் லூலா குடியரசுத் தலைவரானதும் உயிர்பெற்றது. இம்முறை அதன் அமைப்பு உறுதியாக இருந்தது. உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மக்கள் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள், மூன்றில் ஒரு பங்கினர் அரசுத் தரப்பினர். தலைமையும் மக்கள் அமைப்புகளிடமே இருந்தது. 2006இல் உணவுப் பாதுகாப்புக்கென ஒரு தனிச்சட்டம் வந்தது. 2010இல் உணவுக்கான உரிமை அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குச் சிறு உழவர் குடும்பங்களிடமிருந்து நேரடியாக வாங்க வேண்டும் என்று 2009இல் சட்டமானது. நாட்டின் அரசுப் பள்ளிக்கூடச் சமையலறைகளைத் தொட்ட மாற்றம் அது.

இவ்வளவும் இருந்தும், 2019 ஜனவரி 1ஆம் நாள், புதிய குடியரசுத் தலைவர் பொல்சொனாரோ பதவியேற்ற முதல் நாளிலேயே, அந்தக் குழு ஓர் ஆணையால் செயலிழக்கச் செய்யப்பட்டது. பிப்ரவரி மாதம் பல நகரங்களில் மக்கள் தெருக்களிலும் சதுக்கங்களிலும் கூடிச் சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். குழு திரும்ப வந்தது 2023இல், மறுபடியும் லூலா ஆட்சியில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் அந்த மக்கள் அமைப்புகள் கலைந்துபோகாமல் இருந்தன என்பதால்தான், கதவு திறந்ததும் நுழைய ஆட்கள் இருந்தார்கள்.

ஆகவே உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்பதே என் துணிபு. அலுவல்முறைத் தகுதி அரசிடமிருந்து வரட்டும். உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையின் பெரும்பகுதி மக்கள் அமைப்புகளிடம் இருக்கட்டும். குழு அமைக்கும் தீர்மானத்தில் ஒரு வாசகம் மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுப்போகக் கூடாது. குழு எழுத்தில் கொடுக்கும் பரிந்துரைக்கு நகர நிருவாகம் இத்தனை நாள்களுக்குள் ஏற்றோ மறுத்தோ, காரணத்தோடு, எழுத்தில் பதிலளிக்க வேண்டும் என்பதே அது. மறுத்தாலும் கேடில்லை. காரணம் எழுத்தில் வந்துவிட்டால் அதை வைத்து அடுத்த கூட்டத்தில் வாதாடலாம், செய்தியாளரிடம் காட்டலாம், தேர்தலில் கேட்கலாம். பதிலே வராமல் போவதுதான் குழுவைக் கொல்கிறது.

கேள்வி: வெறும் ஆலோசனை சொல்வதால் என்ன மாறிவிடப் போகிறது? அதிகாரம் இல்லாத குழுவால் பயன் உண்டா? (திருச்சி வாசகி)

பதில்: உண்டு, ஆலோசனை பணம் புழங்கும் இடத்தைத் தொட்டால். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2009இல் அன்றைய மேயர் வில்லரைகோசா ஒரு பணிக்குழுவை அமைத்தார். அதன் அறிக்கை 2010இல் வந்தது. 2011இல் உணவுக் கொள்கைக் குழு இயங்கத் தொடங்கியது. அக்குழு, அரசு நிறுவனங்கள் உணவு வாங்கும் முறைக்கு ஐந்து அளவுகோல்களை வகுத்தது: உள்ளூர்ப் பொருளாதாரம், சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன், கால்நடை நலன், ஊட்டச்சத்து. 2012இல் மாநகராட்சியும், நாளொன்றுக்குச் சுமார் ஆறரை இலட்சம் சாப்பாடு வழங்கிய பள்ளிக் கல்வி மாவட்டமும் அவற்றை ஏற்றுக்கொண்டன. அவ்வளவு பெரிய வாங்குபவர் கேள்வி கேட்டால் விற்பவர் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியுமா? பள்ளிகளுக்கான ரொட்டி, கலிபோர்னியாவிலேயே விளைந்து அந்நகரிலேயே அரைக்கப்பட்ட கோதுமையில் தயாராகத் தொடங்கியது. பின்னர் சிகாகோ முதலிய நகரங்களும் அந்த அளவுகோல்களைக் கைக்கொண்டன. குழு ஒரு ரூபாய்க்கும் கையெழுத்திடவில்லை. எந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது.

இதைவிட ஆழமாகப் போன ஊர் ஒன்று பிரேசிலில் இருக்கிறது. பெலோ ஒரிசோன்ச்சே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரம். அங்கே 1993இல் மேயரான பத்ருஸ் அனானியஸ், உணவு வழங்கலுக்கென்றே நகராட்சியில் ஒரு துறையை உருவாக்கி, அதற்கு வழிகாட்ட உழவர், தொழிற்சங்கம், வணிகர், சமய அமைப்புகள் முதலிய தரப்பினரைக் கொண்ட குழுவையும் அமைத்தார். சந்தையில் வாங்க முடியாதவரும் குடிமகன்தான், அவருக்கு உணவு கிடைக்கச் செய்வது நகரத்தின் கடமை என்பது அவர்களின் நிலைப்பாடு.

அங்கே நகராட்சி தன்னிடமிருந்த நல்ல மனைகளைக் காய்கறிக் கடைகளுக்குக் கொடுத்தது. அதற்கு ஈடாக, குறிப்பிட்ட சில காய்கறிகளையும் பழங்களையும் நகராட்சி நிருணயித்த குறைந்த விலையில் விற்க வேண்டும், மற்றவற்றைச் சந்தை விலைக்கு விற்றுக்கொள்ளலாம். மிக நல்ல இடம் கிடைத்த கடைக்காரர் வார இறுதிகளில் சரக்கு வண்டியோடு நகரின் ஓரத்திலுள்ள ஏழைக் குடியிருப்புகளுக்கும் போய் விற்றாக வேண்டும். பல்கலைக்கழகத்தின் துணையோடு, அன்றாட வீட்டுப் பொருள்கள் 45க்கு எந்தக் கடையில் என்ன விலை என்று கணக்கெடுத்துப் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டினார்கள். பேருந்துக்குக் காத்திருப்பவர் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு எந்தக் கடையில் இறங்குவது என்று முடிவு செய்துகொள்ளலாம்! மலிவு விலை மக்கள் உணவகங்களில் ஏழையும் அலுவலரும் மாணவரும் ஒரே வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். இவை அனைத்துக்கும் சேர்த்து நகராட்சியின் வரவு செலவில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவாகவே செலவானது. விலைப் பட்டியல் ஒட்டும் வேலைக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை என்பதை எந்த ஊர்க் குழுவும் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: இலவச உணவு வங்கிகள் இருக்கும்போது தனியாகக் கொள்கைக் குழு எதற்கு? (கனடாவின் மிசிசாகா நகர வாசகர்)

பதில்: உணவு வங்கிகளில் உழைக்கும் தன்னார்வலர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் டொராண்டோவில் 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான ஓராண்டில் மக்கள் உணவு வங்கிகளுக்கு வந்த தடவைகள் சுமார் 34.9 இலட்சம் என்றால், அந்த வரிசை ஏன் நீள்கிறது என்று கேட்கவும் ஒருவர் வேண்டும். வாடகையும் கூலியும் அந்தக் கேள்விக்குள் வரும். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பதும் வரும்: மரக்கறி உணவு மட்டும் உண்ணும் ஒரு மூதாட்டியின் பையில் பன்றி இறைச்சி கலந்த டின் இருந்தால் அன்று அவருக்கு உணவு கிடைத்ததாகக் கணக்கெழுத முடியாது. பண்பாட்டுக்கு ஒத்த உணவு என்று டொராண்டோவின் உணவுச் சாசனத்தில் எழுதியிருப்பது இதற்காகத்தான். நயாகரா பகுதியிலுள்ள வைன்லாண்ட் ஆய்வு மையம் வெண்டையையும் கத்தரியையும் கனடாவின் ஒன்டாரியோ மாகாண மண்ணில் விளைவிக்கும் முறைகளை ஆராய்ந்ததை நம்மவர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். குடியேறியவர்களின் தட்டைப் பார்த்து உழவரின் வயல் மாறுவதும் உணவுக் கொள்கைதான்.

கேள்வி: இப்படி அமைந்த குழுக்கள் எதனால் சோர்ந்துபோகின்றன? (சென்னை வாசகர்)

பதில்: சம்பளம் பெறும் ஊழியர் ஒருவராவது இல்லாததால். கூட்டக் குறிப்பை எழுதவும், அடுத்த கூட்டத்துக்கு அழைக்கவும், கோப்பைத் துரத்தவும் ஓர் ஆள் வேண்டும். தன்னார்வலர் ஒருவர் அதைச் சில காலம் செய்வார், பிறகு அவருடைய வீட்டுச் சூழ்நிலை மாறும், குழு நின்றுவிடும். ஒரே நேரத்தில் பத்து வேலைகளை எடுத்துக்கொள்வது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம், குழுவைத் தொடங்கிவைத்த மேயரின் பெயரோடு அது ஒட்டிக்கொள்வது. அவர் போனதும் அதுவும் போய்விடும். தொடங்கும்போதே எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரையும் உள்ளே அழைத்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து.

கேள்வி: இதை நம் ஊராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் செய்ய முடியுமா? சட்டத்தில் இடம் உண்டா? (கோயம்புத்தூர் மாவட்ட வாசகர்)

பதில்: பெயர் வேறாக இருந்தாலும் அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், நியாயவிலைக் கடை ஆகிய நான்கு நிலைகளிலும் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்கச் சொல்கிறது. அவற்றில் உள்ளாட்சிப் பிரதிநிதிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள், ஆதரவற்றோர் அல்லது மாற்றுத்திறனாளிகள் இடம்பெற வேண்டும் என்றும் கூறுகிறது. உள்ளாட்சி அமைப்போ அதற்கென அதிகாரம் பெற்ற அமைப்போ சமூகத் தணிக்கை நடத்தவும் அதில் வழியுண்டு. தமிழ்நாட்டில் இச்சட்டம் 2016 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. உங்கள் நியாயவிலைக் கடைக்கான கண்காணிப்புக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். இதுவே முதல் வேலை.

ஆனால் அந்தக் குழுவின் பார்வை ரேஷன் கடையோடு நின்றுவிடும். சத்துணவு மையம், அங்கன்வாடி, வாரச் சந்தை, உழவர் சந்தை, சாலையோர உணவுக் கடைகள், குப்பைக்குப் போகும் காய்கறி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு குழு வேண்டும் என்றால் அதைக் கிராம சபையில் கேட்கலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் உள்ளன. சந்தை, போக்குவரத்து, உழவர் ஆகிய மூன்றையும் இணைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபின், விளைபொருளைப் பேருந்தில் ஏற்றிவரவும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. அன்று அரசு மேலிருந்து யோசித்ததை இன்று ஊர் கீழிருந்து யோசிக்க வேண்டும் என்கிறேன்.

தீர்மானத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். குழுவின் நோக்கம், உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை, பதவிக்காலம், கூட்டம் நடக்கும் நாளும் நேரமும், குறிப்பெழுதும் பொறுப்பு யாருக்கு என்பது, குழுவின் பரிந்துரைக்கு ஊராட்சி பதிலளிக்க வேண்டிய கெடு ஆகியவை அதில் இருந்தால் போதும். சத்துணவு சமைக்கும் ஊழியர் ஒருவரையும், வாரச் சந்தையில் கடை போடும் பெண் ஒருவரையும் குழுவில் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று கூட்டம் கலைவதற்கு முன்பே பார்த்து, அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.